லாக்டைட் பாட்டிலில் ஏன் பாதிதான் இருக்கிறது?

“மச்சான், கடையில ஏமாத்திட்டாங்க. பாட்டில்ல பாதிதான் இருக்கு.”

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் என் மச்சினன், நட்டு தளராமல் பூட்டும் பசையான லாக்டைட்டை முதல்முறை வாங்கி வந்த அன்று சொன்னது இது. குலுக்கிப் பார்த்தான், உள்ளே திரவம் தளும்பியது. அவன் கவனித்தது சரி, எடுத்த முடிவுதான் தவறு. அந்தப் பசையைக் கெடாமல் காப்பாற்றுவதே பாட்டிலில் இருக்கும் காலியிடம்தான். இந்த ஒன்று புரிந்தால், பாட்டில் எத்தனை நாள் தாங்கும், எங்கே வைக்க வேண்டும், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

லாக்டைட் என்பது ஒரு கம்பெனிப் பெயர். சென்னையில் தயாராகும் அனாபாண்ட் போல வேறு பெயர்களிலும் இதே வகைப் பசை கிடைக்கிறது. த்ரெட்லாக்கர் என்பது பொதுப்பெயர். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் லாக்டைட் என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இது செய்யும் வேலை. ஒரு போல்ட்டில் நட்டை முறுக்கும்போது இரண்டின் மரைகளும் முழுக்க ஒட்டி நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் மரையின் ஒரு பக்கச் சரிவு மட்டுமே அழுத்தமாகப் படிந்திருக்கும். மறுபக்கத்தில் மெல்லிய இடைவெளி இருக்கும், அதில் காற்றுதான் இருக்கும். இன்ஜின் அதிரும்போது அந்த இடைவெளிக்குள் போல்ட் பக்கவாட்டில் நூலளவு நகரும். அப்படி நகர நகர நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இந்தப் பக்கவாட்டு அசைவுதான் நட்டைக் கழற்றுகிறது என்பதை 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டால் போதும் என்று நாம் நம்பி வந்ததையும் அதே வகைச் சோதனைகள்தான் ஆட்டம் காண வைத்தன. லாக்டைட் அந்த இடைவெளியை நிரப்பி, உள்ளேயே கெட்டியாகி, அசைய இடமில்லாமல் செய்துவிடுகிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: நிரம்பிய மரைக்குள் உப்புத் தண்ணீர் இறங்காது. இரண்டு வருடம் கழித்துக் கழற்றினாலும் மரை துருவில் கரைந்து போயிருக்காது.

சரி, பாட்டிலுக்குள் திரவமாக இருப்பது மரைக்குள் போனதும் எப்படிக் கெட்டியாகிறது? மற்றப் பசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். ஃபெவிகால் தண்ணீர் வற்றி இறுகும். ஃபெவிக்விக் காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்து இறுகும். எம்-சீலில் இரண்டு பொருளைச் சேர்த்துப் பிசைகிறோம். லாக்டைட் இந்த மூன்று வழியிலும் போவதில்லை. அது இறுகுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதற்குக் கிடைக்கக் கூடாது, அதன் மேல் உலோகம் பட வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கிற இடம் முறுக்கிய மரையின் உள்பக்கம்தான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். பசையில் பெரும்பகுதி மெத்தாக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகள். அவை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் கெட்டியான பிளாஸ்டிக் ஆகிவிடும். அந்தக் கோப்பைத் தொடங்கி வைக்க ஒரு பெராக்சைடு கலந்திருக்கிறார்கள். இரும்போ செம்போ பட்டால் அந்தப் பெராக்சைடு வேகமாக உடைந்து, சங்கிலி தொடங்குவதற்கான பொறிகளைக் கிளப்பும். பாட்டிலுக்குள்ளும் இந்தப் பொறிகள் அவ்வப்போது ஒன்றிரண்டு கிளம்பத்தான் செய்யும். ஆனால் பசையில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒவ்வொரு பொறியையும் உடனே அணைத்துவிடும். அணைக்க அணைக்க ஆக்சிஜன் செலவாகும். செலவானதை ஈடுகட்டத்தான் பாட்டிலில் காலியிடம் விட்டு, அதில் காற்றை வைத்திருக்கிறார்கள். பாட்டிலின் பிளாஸ்டிக்கும் இதற்கென்றே தேர்ந்தெடுத்தது. கையால் அமுக்கினால் நெளியும் அந்த மெல்லிய பாலித்தீன் வழியாக வெளிக்காற்றின் ஆக்சிஜன் மெதுவாக உள்ளே ஊடுருவும். மூடி இறுக மூடியிருந்தாலும் பாட்டில் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பிடித்த நண்டை வியாபாரிக்கு அனுப்பும்போது ஏன் காற்றோட்டமான கூடையில் வைக்கிறோம் என்று எங்கள் கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பசையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இதன் வரலாறே உண்மையில் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வியின் வரலாறுதான். 1940-களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இந்த வகைத் திரவம் ஒன்றைக் கண்டார்கள். அதைத் திரவமாகவே வைத்திருக்க, காற்றை இடைவிடாமல் குமிழிகளாகச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. காற்று நின்றால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். அப்படிப்பட்ட சரக்கைக் கடையில் வைத்து யார் விற்பது? 1953-ல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் உள்ள ட்ரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் க்ரீபிள், சாதாரணப் பாட்டிலில் கொஞ்சம் காற்றோடு விட்டாலே திரவமாக நிற்கும் கலவையைக் கண்டுபிடித்தார். லாக்டைட் பிறந்தது அப்படித்தான்.

இனி நம் வீட்டுப் பட்டறைக்கு வருவோம். இந்தக் கடற்கரையில் எதையும் கெடுப்பது உப்புக்காற்று என்றே நமக்குப் பழக்கம். பாம்பன் பாலத்து இரும்பிலிருந்து வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் வரை அதுதான் கதை. அதனால் லாக்டைட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் காற்றைப் பிதுக்கி, ரப்பர் பேண்டு சுற்றி டப்பாவுக்குள் வைக்கிறோம். ஃபெவிக்விக்குக்கு அது நல்லது. அதன் எதிரி ஈரம். லாக்டைட்டுக்கு ஈரக்காற்றால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. காற்றைப் பிதுக்கி எடுப்பதுதான் கெடுதல். பாட்டிலையே அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமிருக்கும் பசையைச் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி வைக்கிறவர்களும் உண்டு. கண்ணாடிக் குப்பியில், இன்னும் மோசமாகத் தகரக் குப்பியில், மாற்றி வைப்பவர்களும் உண்டு. சிக்கனமும் அக்கறையும்தான் காரணம். ஆனால் ஒவ்வொன்றும் பசையின் மூச்சை அடைக்கிற காரியம். வந்த பாட்டிலிலேயே, வந்தபடியே விட்டுவிடுங்கள்.

லாக்டைட்டின் உண்மையான எதிரி சூடு. உற்பத்தியாளர்கள் தரும் விவரத் தாளில் 8 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருப்பது சிறந்தது என்றும், 8-க்குக் கீழேயோ 28-க்கு மேலேயோ போனால் பசையின் குணம் பாதிக்கப்படலாம் என்றும் போட்டிருக்கும். எங்கள் ஊரில் சில மே மாத இரவுகளிலேயே 28-க்குக் கீழே இறங்காது. பகலில் தகரக் கொட்டகைக்குள் 40-ஐத் தாண்டும். வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சூட்டில் பெராக்சைடு தானாகவே உடையத் தொடங்கும். பொறிகள் கூடும், அணைக்கும் ஆக்சிஜன் போதாமல் போகும்.

அப்படிக் கெடுவதில் இரண்டு விதம் உண்டு. தொடக்கக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

முதல் விதம் கண்ணுக்குத் தெரியும். பசை கொழகொழவென்று கூழாகும், சொட்டாமல் நூலாக இழுக்கும், அடியில் கட்டி தட்டும். அதைப் பார்த்தால் யாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது விதத்தில் பசை பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். நிறமும் ஓட்டமும் மாறாது. ஆனால் இறுக வைக்கும் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிந்து தீர்ந்திருக்கும். மரைக்குள் போட்டால் அங்கும் திரவமாகவே கிடக்கும், அல்லது அரைகுறையாக இறுகும். நட்டு பூட்டியிருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

எனக்கு நடந்தது இந்த இரண்டாவது விதம். மண்டபத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் விசைப்படகுகளின் இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும். மச்சினன் படகில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பிராக்கெட்டை மறுபடி பூட்டியபோது அவன் பாட்டில் காலியாகியிருந்தது. என் பட்டறையில் இருந்த பாட்டிலை எடுத்துப் போனேன். இரண்டு கோடை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மேற்கு ஜன்னல் திட்டில் நின்ற பாட்டில் அது. நன்றாகச் சொட்டியது. நிறமும் அதே நீலம். சந்தேகப்பட எனக்குக் காரணமே தெரியவில்லை. ஜூனில் கடலுக்குப் போன சில நாளிலேயே அந்த போல்ட் தளர்ந்து பெல்ட் தொய்ந்துவிட்டது. சார்ஜ் ஏறாமல் பேட்டரி இறங்கி, இரவில் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் நின்றுபோயின. பக்கத்துப் படகின் விளக்கைப் பிடித்துக் கரைக்கு வந்தார்கள். ஐந்து பேர் இருந்த படகு. போல்ட்டைக் கழற்றியபோது மரையில் நீல எண்ணெய் போலப் பசை அப்படியே ஈரமாக இருந்தது. விரலில் தொட்டு அதைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

அன்றிலிருந்து, பாட்டில் புதிதானாலும் பழையதானாலும், முக்கியமான வேலைக்கு முதல்நாள் ஒரு சோதனை செய்கிறேன். எளிதான சோதனைதான். பூச்சு இல்லாத சாதாரண இரும்பு போல்ட், எட்டு எம்எம், அதற்கு ஒரு நட்டு. இரண்டையும் தின்னரில் கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நட்டை விரலால் சுழற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். நாள்பட்டு நின்ற பாட்டிலில் அடர்த்தி தரும் பொருள் அடியில் தங்கியிருக்கும். நட்டு நிற்கப் போகும் இடத்து மரையில் ஒரு சொட்டு விட்டு, நட்டைக் கையாலேயே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எதையும் இறுக்க வேண்டாம், ஸ்பேனரே தேவையில்லை. இறுக்கினால் அந்த இறுக்கமும் சேர்ந்து பிடிக்கும், பசையின் பிடி மட்டும் எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

நல்ல பசையாக இருந்தால் பத்து இருபது நிமிடத்தில் விரலுக்கு நட்டு அசையாது. ஆனால் அவசரப்படாமல் ஒரு முழு நாள் விடுங்கள். முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். மறுநாள் போல்ட்டின் தலையை வைஸில் பிடித்து, 13 நம்பர் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். முதலில் அசையவே அசையாது. கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் ‘டிக்’ என்று ஒரு உடைப்பு கைக்குத் தெரியும். அதன் பிறகும் நட்டு சுலபமாக ஓடாது, முறுமுறுவென்று தடையோடுதான் வரும். கழற்றிப் பார்த்தால் மரைக்குள் வெளிறிய பொடி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். இதுதான் நன்றாக இறுகிய பசை. ‘டிக்’ இல்லாமல் நட்டு வழுக்கிக்கொண்டு வந்து மரை ஈரமாக இருந்தால், அந்தப் பாட்டிலை இனி நம்பாதீர்கள். நட்டுக்கு வெளியே வழிந்த பசை ஈரமாகவே இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளியே காற்று இருக்கிறது, அது இறுகாது. துணியால் துடைத்துவிடலாம்.

சோதனைக்குச் சாதாரண இரும்பு என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கடலோரத்தில் நாம் பெரும்பாலும் எஸ்எஸ், அதாவது எவர்சில்வர் போல்ட்தான் போடுகிறோம். எவர்சில்வரும் துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பும் இந்தப் பசையைத் தூண்டுவதில் மந்தமானவை. பித்தளையும் செம்பும் சுறுசுறுப்பானவை, சாதாரண இரும்பும் பரவாயில்லை. எஸ்எஸ் மரையில் இறுக வெகுநேரம் எடுக்கும். சிலவகைப் பசை சரியாக இறுகவே செய்யாது. அதைப் பார்த்துவிட்டுப் பாட்டில் காலாவதி என்று நல்ல பசையைத் தூக்கிப் போடுகிறோம். முதலில் இரும்பில் சோதித்துப் பாருங்கள். அங்கே இறுகினால் பாட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்எஸ்ஸுக்கு ஆக்டிவேட்டர் ஸ்பிரே அடித்துவிட்டுப் போடலாம், அல்லது லாக்டைட் 243 போல மந்தமான உலோகத்திலும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கிலும் வேலை செய்யும் வகையை வாங்கலாம்.

அடுத்து, பாட்டிலின் ஆயுளை நம் கையாலேயே குறைக்கும் ஒரு பழக்கம். சொட்டு விடும்போது பாட்டிலின் மூக்கை மரையில் உரசுகிறோம். போல்ட்டிலிருந்து இரும்புத் துகள் மூக்கில் ஒட்டி, அமுக்கிய கையை விட்டதும் உறிஞ்சலோடு உள்ளே போகும். உலோகம் பட்டால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். மூக்கு அடைத்துக்கொண்டால் குண்டூசி விட்டுக் குத்துவதும், அதையே செருகி வைப்பதும் இதே தவறுதான். மூக்குக்கும் மரைக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடம் விட்டுச் சொட்டுங்கள். நிறைய போல்ட் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குச்சியால் தொட்டு வையுங்கள். மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்ற வேண்டாம்.

பாட்டிலில் அச்சடித்திருக்கும் தேதியை என்ன செய்வது? திறக்காத பாட்டிலுக்கு, சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால், கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம் அது. பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை இருக்கும். அந்த நாள் முடிந்ததும் மறுநாள் காலையில் பால் திரிவது போலத் திரிந்துவிடாது. குளிர்ச்சியாக வைத்திருந்த பாட்டில் தேதிக்குப் பிறகும் நன்றாக இறுகுவதுண்டு. ஜன்னல் திட்டில் வெந்த பாட்டில் தேதிக்கு முன்பே போய்விடும். தையல் மிஷின் திருகு, மேஜை மின்விசிறியின் கூண்டு, சைக்கிள் மட்கார்டு இவற்றுக்கெல்லாம் தேதி தாண்டிய பாட்டிலை, சோதனையில் தேறினால், நான் தயங்காமல் போடுவேன். வண்டியின் பிரேக், படகின் ஸ்டியரிங், புரொப்பெல்லர் தண்டின் கப்ளிங் என்று ஆள் உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்குத் தேதிக்குள் இருக்கும் பாட்டில்தான். அதையும் சோதித்த பிறகுதான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வாங்கும்போது 10 மில்லி போதும். ஒரு மில்லியில் ஏறத்தாழ இருபது சொட்டு வரும், அப்படியானால் பாட்டிலில் இருநூறு சொட்டு. வீட்டு வேலைக்கு வருடத்துக்கு நாற்பது சொட்டு செலவானாலே அதிகம். 50 மில்லி வாங்கினால் மில்லிக்கு விலை குறைவுதான், ஆனால் முக்கால்வாசி கெட்டுப்போன பிறகு அந்தக் கணக்கு எதற்கு? நான்கு பட்டறைக்காரர்கள் சேர்ந்து வாங்கினாலும் பிரித்து ஊற்றிக்கொள்ள முடியாது என்பதை நினைவில் வையுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, கழற்றிப் பூட்ட வேண்டிய இடங்களுக்கு நீலத் திரவம். சிவப்பைக் கழற்ற 250 டிகிரி வரை சூடு காட்ட வேண்டியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறுவதால் லேபிளைப் படித்துவிட்டே வாங்குங்கள். கடையிலும் ஒரு கண் வேண்டும்: வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டிலை எடுக்காமல், உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? ஃபிரிட்ஜ் பலருக்கும் தோன்றும். அதன் உள்தட்டு 8 டிகிரிக்குக் கீழே போகும், தவிரவும் இது தோலை உறுத்தும் ரசாயனம், சாப்பாட்டுப் பக்கத்தில் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஈரத்துணி சுற்றிய மண்பானை மதுரைப் பக்கம் பயன்படலாம், எங்கள் கடற்காற்றின் ஈரத்தில் பானை அவ்வளவாகக் குளிராது. நான் இப்போது வைத்திருப்பது வீட்டுக்குள், வடக்குச் சுவர் ஓரம், தரையை ஒட்டிய கீழ்த்தட்டில், பிள்ளைகள் திறக்க முடியாத பெட்டிக்குள். காற்றுப் போக பெட்டியில் நாலு ஓட்டை போட்டிருக்கிறேன். பட்டறையில் வேலை முடிந்ததும் ஸ்பேனர்கள் அங்கேயே இருக்கும். லாக்டைட் மட்டும் என்னோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

பாட்டிலைத் திறந்த தேதியை மார்க்கரால் அடிப்பாகத்தில் எழுதுகிறேன். சோதித்த போல்ட்டை எறிவதில்லை, நட்டோடு சேர்த்து ஒரு கம்பியில் கோத்து ஆணியில் மாட்டி வைக்கிறேன். இந்த வருடத் தடைக்காலத்துக்கு முன் சோதித்தது நேற்று ‘டிக்’ என்று உடைந்தது. மச்சினனுக்குப் போன் போட்டேன். “கொண்டு வாங்க மச்சான், பிராக்கெட்டைக் கழட்டித்தான் வச்சிருக்கேன்” என்றான்.